17-ஏ ஸீட்டில் ஒரு வடை!

வில்லாபுரத்தில் குடியிருக்கிறவனுக்கு ஆகாய விமானம் ஒன்றும் அதிசயமில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். 'சென்னை பிளேன் போயிருச்சு, உலை வைக்கணும்' என்று எங்கம்மா மணி பார்ப்பதே அதை வைத்துத்தான். ஆனால் வயிற்றைப் பார்ப்பது வேறு, அந்த வயிற்றுக்குள்ளே போய் உட்காருவது வேறு இல்லையா? எனக்கு 34 வயசு ஆகிறவரை அந்த யோகம் வாய்க்கவில்லை.

வாய்த்தது ஒரு திங்கட்கிழமை. சென்னை ஹெட் ஆபீஸில் ஆடிட். போகவேண்டிய மானேஜருக்குத் திடீர்க் காய்ச்சல். (ஆடிட் என்றாலே அவருக்குக் காய்ச்சல் வரும். அது வேறு கதை.) வைகை எக்ஸ்பிரஸில் போனால் மத்தியானம்தான் போய் இறங்கலாம். "நீயே பிளேன்ல போயிட்டு வந்துரு. டிக்கெட் வேஸ்ட் ஆகக்கூடாது பாரு" என்றார் மானேஜர், போர்வைக்குள்ளிருந்து.

வீட்டில் தகவல் சொன்னதும் அம்மா பீரோவைத் திறந்தாள். தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை வெளியே வந்தது.

"பிளேன் உள்ளே கோயில் மாதிரி சுத்தமா இருக்குமாம்டா. நீ அந்தக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டுப் போய் நம்ம மானத்தை வாங்காதே."

கோயில் மாதிரி என்று அம்மா சொன்னது சும்மா வாய் வார்த்தை இல்லை. நம்ம மீனாட்சியம்மன் கோயில் 2017-ல் மத்திய அரசின் 'தூய்மையான புகழ்பெற்ற தலம்' என்ற விருதை இந்தியாவிலேயே முதலாவதாக வாங்கிய கோயிலாக்கும்! அதே மதுரை மாநகரம் 2025 ஜூலையில் வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில், 10 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள 40 நகரங்களில் 40-வது இடம் பிடித்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கோயிலுக்குள்ளே முதல் மார்க், கோயிலுக்கு வெளியே கடைசி மார்க். இரண்டுக்கும் நடுவே இருப்பது நாலு கோபுர வாசலும், நம்ம கையும்தான்.

வில்லாபுரத்திலிருந்து ஏர்போர்ட் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோ பிடித்தேன். அவனியாபுரம் தாண்டும்போது, "பொங்கலன்னிக்கு ஜல்லிக்கட்டு இங்கனதாண்ணே" என்று எனக்கே ஊர் காட்டினார் டிரைவர். நான் கையில் பெட்டியும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்ததில் வெளியூர்க்காரன் என்று நினைத்துவிட்டார் போல. நானும் திருத்தவில்லை. பெருங்குடி தாண்டினதும் வெயில், முள்ளுக்காடு, காய்ந்த கண்மாய், நடுநடுவே மல்லிகைத் தோட்டம். அத்தனைக்கும் நடுவே பளபளவென்று கண்ணாடிக் கட்டடம்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவ விமானங்கள் இறங்கிய பொட்டல் அது. இப்போதுள்ள டெர்மினல் 2010-ல் வந்தது. 2012 செப்டம்பரில் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது. உள்ளே தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நான் சீவினேன். பின்னால் ஒருவர் மாப் கட்டையோடு, நான் நகர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

*

ஸீட் நம்பர் 17-ஏ. ஜன்னலோரம்! ஏர்ஹோஸ்டஸ் பெண் கைகூப்பிய கூப்பலில் எனக்கு மாப்பிள்ளை அழைப்பு ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன். பெல்ட் போட்டேன். எதிர் ஸீட்டின் முதுகில் ஒரு பை தொங்கியது. புத்தகம் ஏதாவது இருக்கும், படங்கள் பார்க்கலாம் என்று கையை விட்டேன்.

கை எதிலோ புதைந்தது.

வெளியே எடுத்தால்... உளுந்த வடை! முழு வடைகூட இல்லை, முக்கால் வடை. டிஷ்யூ பேப்பரில் சுற்றி, கூடவே தேங்காய்ச் சட்னி. யாரோ ஒரு புண்ணியவான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து, கால் வடையோடு திருப்தியாகி, மிச்சத்தை அடுத்த ஜென்மத்துக்கு விட்டுப் போயிருக்கிறார். நான் பதறிக் கையை இழுத்த வேகத்தில் சட்னி பொத்தென்று விழுந்தது. எங்கே? வேறெங்கே, வெள்ளைச் சட்டையில், சரியாக நெஞ்சில்.

பக்கத்து ஸீட்காரர் அனுதாபமாகப் பார்த்தார். "நேத்து அரைச்ச சட்னி ஸார். புளிச்சிருக்கு" என்றார், வாசனையை வைத்தே.

ஏர்ஹோஸ்டஸ் ஓடி வந்து டிஷ்யூ கொடுத்தாள். ஈர டிஷ்யூ கொடுத்தாள். ஸாரி கொடுத்தாள். "டர்ன் அரவுண்ட் டைம் ரொம்பக் கம்மி ஸார்... மிஸ் ஆகியிருக்கும்" என்றாள். எனக்கு அப்போது அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியாது. ஆடிட்டுக்கு நெஞ்சில் சட்னியோடு போகிறவனுக்கு எந்த விளக்கமும் ஏறாது. மனசுக்குள்ளேயே ஒரு புகார்க் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

விமானம் கிழக்கே ஓடி, எழும்பி, இடது பக்கமாகச் சாய்ந்தது. அப்போதுதான் ஸார், ஒரு நிமிஷம் சட்னியை மறந்தேன்!

கீழே மதுரை. தெப்பக்குளம் சதுரமாக, நடுவே மண்டபத்தோடு, யாரோ ரூல் தடி வைத்துக் கோடு போட்ட மாதிரி. வைகை, பெயருக்கு ஒரு மணல் பட்டை. அதற்கு இந்தப்புறம் கோபுரங்கள், குழந்தை அடுக்கி வைத்த பொம்மை மாதிரி. கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரமாக வீதிகள். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று வாய் தானாகச் சொல்லிற்று. அந்தப்பக்கம் யானைமலை, நிஜமாகவே படுத்திருக்கும் யானைதான். அதுக்கும் அப்பால் அழகர்மலையின் பச்சை. வயலெல்லாம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி. இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் நம்ம ஊரில் ஒரு குப்பைகூடத் தெரியவில்லை. சுத்தமோ சுத்தம்! தூய்மைக் கணக்கெடுப்பை ஆகாயத்திலிருந்து நடத்தியிருந்தால் நாம்தான் முதலிடம்.

*

ஆபீஸ் வேலை முடிந்து அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து புகாரைத் தட்டினேன். தேதி, ஃபிளைட் நம்பர், 17-ஏ, வடை, சட்னி, நெஞ்சு - ஒன்றையும் விடவில்லை. 'சம்பந்தப்பட்டவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன். நம்ம ஆபீஸுக்கு வருகிற கடிதங்களெல்லாம் அப்படித்தானே முடிகின்றன. அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஹெட் ஆபீஸில் அடிக்கடி பறக்கிற ஒரு ஸீனியரிடம் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு வகுப்பே எடுத்துவிட்டார்.

"நீ பயப்பட வேண்டியது காத்துக்கு இல்லப்பா. பெரிய ஜெட் விமானங்கள்ல காத்து நம்ம ஆபீஸைவிடச் சுத்தம்."

நிஜம்தான். இப்போதைய ஜெட் விமானங்களில் காற்றில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருகிறது. மீதிப் பாதி 'ஹெப்பா' என்கிற சல்லடை வழியே திரும்ப வருகிறது. 0.3 மைக்ரான் அளவுள்ள தூசியில்கூட 99.97 சதவிகிதத்தைப் பிடித்துவிடும் சல்லடை அது. மணிக்கு 20, 30 தடவை உள்ளே இருக்கிற காற்று முழுசாக மாறிவிடுகிறது. அதுவும் கூரையிலிருந்து இறங்கி, காலடி வழியாக வெளியேறுகிறது. முன் ஸீட் தும்மல் கடைசி ஸீட்வரை ஊர்வலம் போக வழியில்லை. பக்கத்து ஸீட்காரர் நம்ம முகத்திலேயே தும்மினால் மட்டும் எந்தச் சல்லடையும் காப்பாற்றாது.

"அப்ப எதுக்குத்தான் ஸார் பயப்படணும்?"

"கை படுற இடத்துக்கு."

அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014-ல் ஒரு ஆராய்ச்சி முடிவு சொன்னார்கள். விமானத்தில் இருக்கிற பொருள்களைக் கொண்டுவந்து, அதில் கிருமிகளைத் தடவி, எத்தனை நாள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணினார்கள். மருந்துக்கு அடங்காத ஒரு வகைக் கிருமி, ஸீட் பின்னால் தொங்கும் பையின் துணியில் 168 மணி நேரம் இருந்ததாம். ஒரு வாரம் ஸார்! கைப்பிடியில் வயிற்றுப்போக்குக் கிருமி 96 மணி நேரம். நான் கையை விட்டது எங்கே என்று உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சோப்புப் போட்டு நாலு தடவை கை கழுவினேன்.

"டாய்லெட் போனியா?" என்றார் ஸீனியர்.

"போனேன் ஸார். பட்டனை அழுத்தினதும் யானை பிளிறின மாதிரி ஒரு சத்தம். வெளியே ஓடி வந்துட்டேன்."

அந்தப் பிளிறலுக்குக் காரணம் தண்ணீர் இல்லை, காற்று. முன்னெல்லாம் விமானக் கழிப்பறையில் நீல மருந்துத் தண்ணீரையே சுற்றிச் சுற்றி விட்டார்கள். ஜேம்ஸ் கெம்ப்பர் என்பவர் 1970-களில் காற்றால் உறிஞ்சும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1982-ல் போயிங் விமானத்தில் அது வந்தது. மேலே பறக்கும்போது வெளியே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அதிகம். அந்த வித்தியாசமே எல்லாவற்றையும் பின்னால் இருக்கிற தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கீழே, தாழப் பறக்கும்போது பம்பு இழுக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் போதும். விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளைக் குடிக்கும் என்பதால், தண்ணீர் குறைந்தால் காசு மிச்சம்.

"அப்ப ரயில் மாதிரி கீழே விழாதா?" என்று கேட்டேன்.

விழாது. தரை இறங்கினதும் ஒரு வண்டி வந்து தொட்டியைக் காலி செய்துகொண்டு போகும். ஆனால் குழாய் மூடியில் கசிவு இருந்தால் வெளிக்குளிரில் உறைந்து, கட்டியாகி, விமானம் தாழ இறங்கும்போது கழன்று விழுவதுண்டு. 2018 ஜனவரியில் ஹரியானாவில் குர்கான் பக்கம் ஃபாஸில்பூர் பாத்லி என்கிற கிராமத்தில், கோதுமை வயலில் பெரிய பனிக்கட்டி ஒன்று வானத்திலிருந்து விழுந்தது. ஊர்க்காரர்கள் சிலர் வேற்றுக் கிரகத்துப் பொருள் என்று நினைத்து உடைத்து எடுத்துப் போய் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அதிகாரிகள் வந்து, 'இது விமானக் கழிப்பறைச் சரக்காக இருக்கலாம்' என்று சந்தேகம் கிளப்பினார்கள். அந்த ஃப்ரிட்ஜ்களின் கதி என்னவாகியிருக்கும்! இதற்கு ஒரு வருஷம் முன்பே, 2016 டிசம்பரில், டெல்லியில் ஒருவர் போட்ட வழக்கில், வானத்திலிருந்து கழிவைக் கொட்டினால் 50,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது.

ரயில் விஷயத்தில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தண்டவாளத்தில் கழிவே விழாத முதல் பசுமைப் பாதை என்று 2016 ஜூலையில் ரயில்வே அறிவித்தது நம்ம பக்கத்து ராமேஸ்வரம்–மானாமதுரை 114 கிலோமீட்டரைத்தான்.

*

வியாழக்கிழமை ராத்திரி அதே கம்பெனி விமானத்தில் மதுரை திரும்பினேன். இந்தத் தடவை 9-ஏ. பையில் கை விடவில்லை. கைக்குட்டையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். காலி. 'நம்ம புகார் வேலை செஞ்சிருச்சு' என்று ஒரு கெத்து. ஹெட் ஆபீஸில் கொடுத்த ஆரஞ்சுப் பழம் இருந்தது. உரித்துத் தின்றேன். இறங்கினேன். வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். நாலு வீடு தள்ளியிருக்கும் அக்காவின் மகன் வந்தான். 23 வயசுப் பையன். கழுத்தில் அடையாள அட்டையோடு ஷிஃப்ட்டுக்குப் போவான், வருவான். 'ஏர்போர்ட்ல வேலை' என்பதால் எங்கள் தெருவில் அவனுக்கு ஏறக்குறைய பைலட் மரியாதை. அந்த அக்கா பெண் பார்க்கும் இடத்திலெல்லாம் 'ஏர்போர்ட் மாப்பிள்ளை' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். உங்க ஆபீஸ்லேர்ந்து யாராச்சும் வியாழக்கிழமை பிளேன்ல வந்தாங்களா?"

"ஏன் தம்பி?"

"இல்லண்ணே... ஸீட்டுப் பையில உங்க ஆபீஸ் பேர் போட்ட கவரு கிடந்துச்சு. ஏதோ முக்கியமான பேப்பரோன்னு நினைச்சு சூப்பர்வைசர்ட்டக் குடுத்தேன். அவரு பிரிச்சுப் பார்த்தா ஆரஞ்சுத் தோலு, கொட்டை!" என்று சிரித்தான். "யாருண்ணே அது? உங்க மானேஜரா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உரித்த தோலை எங்கே போடுவது என்று தெரியாமல், கவரில் போட்டு, மடித்து, ஸீட்டுப் பையில் செருகியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு நினைவே இல்லை.

"நீ... அங்க என்ன வேலை தம்பி பாக்குற?"

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கிளீனிங்ண்ணே. கான்ட்ராக்ட்டு. வீட்ல சொல்லிராதீக."

உட்காரச் சொன்னேன். காபி வந்தது. அவனாகவே பேசினான்.

விமானம் வந்து நின்று மறுபடி கிளம்ப அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். விமானம் தரையில் நிற்கிற நேரம் கம்பெனிக்கு நஷ்டம். அதனால்தான் அந்த அவசரம். இதுதான் ஏர்ஹோஸ்டஸ் சொன்ன 'டர்ன் அரவுண்ட்'. பயணிகள் இறங்கப் பத்து நிமிஷம், ஏறப் பதினைந்து நிமிஷம் போனால், நடுவில் மிச்சம் என்ன? அதற்குள் 180 ஸீட், 180 பை, 180 மேஜைப் பலகை. மலிவு டிக்கெட் விமானங்கள் பலவற்றில் இந்த இடைவேளைச் சுத்தத்தை ஏர்ஹோஸ்டஸ் பெண்களே செய்வதுண்டு. பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி தொடர்ந்து ஓடும் விமானத்துக்கு மேலோட்டமான சுத்தம்தான். ராத்திரி தங்கும் விமானத்துக்குத்தான் நிதானமான குளியல்.

"நாங்க ஆறு பேர்ண்ணே. ஒருத்தன் பை, ஒருத்தன் தரை, ஒருத்தன் டாய்லெட்டு. பெல்ட்டை எல்லாம் குறுக்கே மடிச்சு வச்சுட்டு இறங்கணும். அது அழகுக்குன்னு நினைப்பாக. அப்படி இருந்தா அந்த ஸீட்டு பார்த்தாச்சுன்னு அர்த்தம்."

"பையில என்னென்ன கிடைக்கும்?"

"என்ன கிடைக்காதுன்னு கேளுங்க. பல்லு செட்டு கிடைச்சிருக்கு. குழந்தை நாப்கின் கிடைக்கும். ஊசி கிடந்து ஒருத்தனுக்குக் கையில ஏறிருச்சு. அதனால கையை மேலேர்ந்து விடமாட்டோம். பையை விரிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்போம். டயம் இல்லாதப்ப அதுவும் முடியாது."

இன்னொன்றும் சொன்னான். கையில் கிடைத்த மருந்தைப் போட்டெல்லாம் துடைக்கக்கூடாதாம். பிளீச்சிங் மாதிரிச் சரக்கு அலுமினியத்தை அரிக்கும். ஸ்பிரிட் பட்டால் ஜன்னல் பிளாஸ்டிக்கில் நூல் நூலாக விரிசல் விடும். சாப்பாட்டுத் துணுக்கு கிடந்தால் எலி வரும். எலி வந்தால் ஒயரைக் கடிக்கும் என்று விமானத்தையே நிறுத்திவிடுவார்கள். 2025 செப்டம்பரில் கான்பூரில் ஒரு எலி ஓடியதற்காக, ஏறி உட்கார்ந்த பயணிகள் அத்தனை பேரையும் கீழே இறக்கிய கதை பேப்பரில் வந்ததே! ஒரு வடை என்பது வெறும் வடை இல்லை.

டாய்லெட் கதவில் இருக்கிற சாம்பல் கிண்ணம்கூட அப்படித்தான். சிகரெட் பிடிக்கத் தடை. ஆனால் கிண்ணம் இருந்தே ஆகவேண்டும். 1973-ல் பாரிஸ் அருகே ஒரு பிரேசில் விமானத்தில் கழிப்பறையில் பிடித்த தீயால் 123 பேர் செத்துப்போனார்கள். அணையாத சிகரெட் துண்டு குப்பைத் தொட்டியில் விழுந்திருக்கலாம் என்றுதான் சந்தேகம். தடையை மீறுகிற மகானுபாவன் துண்டைக் காகிதக் குப்பையில் போடாமல் இருக்கட்டும் என்றுதான் கிண்ணம். மனுஷ சுபாவத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு நம்ம மதுரைக் கல்யாணம் ஞாபகம் வந்தது. 2021 மே 23-ம் தேதி, ஊரடங்குக்கு முதல் நாள், ஒரு ஜோடி சொந்தபந்தங்களோடு தனி விமானம் பிடித்து மதுரைக்கு மேலே ஆகாயத்தில் தாலி கட்டிக்கொண்டார்களே! முகக்கவசம் இல்லை, இடைவெளி இல்லை என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் விசாரணை வைத்தது. ஊழியர்களைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசியது. அட்சதை போட்டிருந்தால் அந்த அரிசியையெல்லாம் யார் பொறுக்கியிருப்பார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"சரி தம்பி, சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தான். "வரும்ண்ணே. இந்த மாசம்தான் மூணு நாள் புடிச்சுட்டாக. திங்கக்கிழமை எவனோ ஒருத்தன் கம்ப்ளெய்ன்ட் எழுதிட்டான். 17-ஏ. வடையாம். அன்னிக்கு முன்னால வந்த பிளேனு லேட்டு. எட்டு நிமிசந்தான் குடுத்தாக. பதினாறாவது வரிசை முடிச்சேன், 'இறங்குடா, ஆளுக ஏறுறாக'ன்னுட்டாக. அதுக்குப் பின்னால இருக்குறதை நான் பாக்கலைதான்..."

எட்டு நிமிஷம். பதினாறாவது வரிசை. நான் பதினேழு.

ஸார், உங்களுக்கு எப்போதாவது நீங்கள் எழுதின கடிதத்தை வேறொருவர் வாயால் கேட்ட அனுபவம் உண்டா? 'கடும் நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று நான் தட்டியபோது என் மனசில் இருந்தது யாரோ கோட்டுப் போட்ட பெரிய அதிகாரி. அந்தக் கடிதம் சென்னை போய், அங்கிருந்து கம்பெனிக்குப் போய், கம்பெனியிலிருந்து கான்ட்ராக்டருக்குப் போய், கடைசியில் என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் வந்து விழுந்திருக்கிறது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மறைப்பானேன்? அவனுக்குத் தெரிய வழியே இல்லை. ஆரஞ்சுத் தோலை மானேஜர் தலையில் கட்டலாம். வடையைக் கடவுள் தலையில் கட்டலாம். ஆனால் கொடியில் அந்த வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவன் பார்வை தற்செயலாக அந்தப் பக்கம் போனது. நெஞ்சில் மஞ்சளாக ஒரு திட்டு.

"அந்த எவனோ ஒருத்தன் நான்தான் தம்பி" என்றேன். "ஆரஞ்சுத் தோலும் நான்தான்."

கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. தெருவில் காய்கறி வண்டி ஒன்று கூவிக்கொண்டு போய் முடிந்தது. கோபமாக எழுந்து போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கறை போகலையாண்ணே?" என்றான்.

"போகலை."

"சட்னிக் கறைக்கு வெந்நி ஊத்தக்கூடாது. முதல்ல பச்சத் தண்ணி. அப்புறம் சோப்பு. நாங்க ஸீட்டுக்கு அப்படித்தான் செய்வோம்."

மூன்று நாள் கூலியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "அது வேலை பாத்து வாங்குற காசுண்ணே. நீங்க குடுத்தா வேற மாதிரி ஆகிரும்" என்றான்.

*

அன்று ராத்திரியே இன்னொரு மெயில் அனுப்பினேன். தவறு ஆள் மேல் இல்லை, நேரத்தின் மேல். எட்டு நிமிஷத்தில் 180 ஸீட்டை மனுஷன் துடைக்க முடியாது. அந்த வடையை வைத்தது பயணிதான், ஊழியர் இல்லை. பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதினேன். ஐந்தே நிமிஷத்தில் பதில். 'தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது.' வடைக்கும் இதே பதில்தான் வந்திருந்தது. வடைக்கு மட்டும்தான் நடவடிக்கை.

சும்மா விடவில்லை. மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கான்ட்ராக்ட் சூப்பர்வைசரைத் தேடிப் போனேன். நல்ல மனுஷர்தான். "ஸார், மேல இருந்து யார் மேல ஆக்‌ஷன் எடுத்தேன்னு கேட்டு மெயில் வருது. எட்டு நிமிஷம் மேலயா ஆக்‌ஷன் எடுக்க முடியும்? ஒரு பேரு எழுதணும், எழுதினேன்" என்றார். என் மெயிலின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார். மாசக் கடைசியில் இரண்டு நாள் சம்பளம் திரும்பக் கிடைத்தது. மூன்றாவது நாள் 'ரூல்ஸ்' என்று போய்விட்டது. அதை என்னால் மீட்க முடியவில்லை.

2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் ஆரம்பித்து, சாமானியனும் பறக்கலாம் என்று டிக்கெட் விலையை இறக்கினார். அவர் கதையைத் தழுவி 2020-ல் வந்த 'சூரரைப் போற்று' படத்தில் நாயகனுக்கு நம்ம சோழவந்தான்தான் சொந்த ஊர். விசில் அடித்துப் பார்த்தேன். சாமானியன் ஏறிவிட்டான், சந்தோஷம். டிக்கெட்டில் குறைந்த காசு எங்கேயோ ஒரு நிமிஷத்திலிருந்தும் குறைந்திருக்கிறது என்பது படம் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையனிடம், "நாங்க பயணிகள் என்ன தம்பி செய்யணும்?" என்று கேட்டேன். பெரிய யோசனை சொல்வான் என்று நினைத்தேன்.

"இறங்குறதுக்கு முன்னால அந்தப் பொண்ணு பையை நீட்டிக்கிட்டு வரும்ல? அதுல போட்டுருங்க. அவ்வளவுதான்ண்ணே."

அவ்வளவுதான்!

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வந்தாள். பையனுக்கு வரன் அமைந்துவிட்டதாம், திருமங்கலத்துப் பெண். பெண் வீட்டாரிடம் என்ன வேலை என்பதை அவனே நேரில் சொல்லிவிட்டானாம். "அதுக்கென்ன, சுத்தமான பிள்ளை"ன்னு பெண்ணோட பாட்டி சொல்லிட்டாளாம். சந்தோஷத்தில் அக்கா ஒரு பொட்டலம் நீட்டினாள். சுடச்சுட உளுந்த வடை, தேங்காய்ச் சட்னி!

நாலையும் தின்று முடித்தேன். முக்கால்கூட மிச்சம் வைக்கவில்லை. தின்று முடித்து, எண்ணெய்ப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் பின்பக்கம் ஏதாவது பை தொங்குகிறதா என்று கை தானாகத் தேடியது பாருங்கள்...

எழுந்து போய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தேன்.